ஒரு பறவையும் உட்காரக் கூடாது

டின்னைத் தட்டினால் கொக்குகள் எழும்புகின்றன, கை ஓய்ந்தால் உட்காருகின்றன. இதில் யார் யாரை ஆட்டிவைக்கிறார்கள் என்று தையல்நாயகிக்குக் காலையிலிருந்தே ஒரு சந்தேகம். தட்டுகிறவள் தான்தான், ஆனால் ஒரு கொக்கு உட்காரப்போகிற மாதிரி காலை நீட்டினாலே போதும், இவள் கை தானாகக் குச்சியைத் தேடிப் போய்விடுகிறது. இறால் குட்டையின் கரையில் நாலு மூங்கில் நட்டுக் கீற்றுப் போட்ட கொட்டகை, அதற்குள் ஒரு கயிற்றுக் கட்டில், கட்டிலில் இவள், இவள் மடியில் பழைய எண்ணெய் டின். எதிரே குட்டை வெயிலில் வெள்ளையாய்க் கண்ணைக் குத்திக்கொண்டு கிடக்கிறது. "ஒரு பறவையும் உட்காரக் கூடாது, கேட்டியா புள்ள, நான் வர்ற வரைக்கும் ஒண்ணுகூட கரையில உட்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் புருஷன் குணசீலன் வண்டியைக் கிளப்பினான். கிளப்பின பிறகும் ஒரு காலை ஊன்றி நின்று, "வெடி கிடி போட்டுத் தொலைக்காத. வெடிச் சத்தம் கேட்டா என்னா ஏதுன்னு எல்லாரும் திரும்பிப் பாப்பான். டின்ன மட்டும் தட்டு" என்றான். அவன் போனது வியாபாரியைக் கூட்டி வர. சாயங்காலத்துக்குள் ஐஸ் வண்டியும் வலை இழுக்கிற ஆட்களும் வந்து இறால் அத்தனையும் ஏறிப் போய்விட வேண்டும். அதுவரைக்கும் குட்டைக்கு நோய் என்று ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் வியாபாரி வந்த வழியே திரும்பிவிடுவான், ராவும் பகலும் கண்விழித்து வளர்த்ததெல்லாம் குழி தோண்டிப் புதைக்கத்தான் ஆகும். இந்த நோயில் பெரிய கூத்து என்னவென்றால், மனுஷன் வாயைத் திறந்து சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. வெள்ளைப்புள்ளி விழுந்த இறால் அடியில் தங்காது, தள்ளாடிக்கொண்டு கரையோரம் வந்து ஒதுங்கும். அது ஒதுங்கினால் பறவை இறங்கும். ஒரு கரையில் மட்டும் பறவை கூட்டமாய் இறங்கினால் வாய்க்கால் நெடுக இருக்கிற அத்தனை குட்டைக்காரனுக்கும் சேதி போய்விட்டது என்று அர்த்தம். அதனால்தான் இந்தக் காவல். இறாலைக் காக்கிற காவலென்றால்கூட மனசுக்கு ஒப்பும், இது சேதியைக் காக்கிற காவல்.

இரண்டு ராத்திரி தூங்காத கண். குட்டைக்குக் காற்றூட்டுகிற ஏரேட்டர் சக்கரங்கள் சளசளவென்று தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கின்றன, கேட்டுக்கொண்டே இருந்தால் அது பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பெண்டுகள் பேசுகிற சத்தமாகிவிடுகிறது, ஒரு வார்த்தை புரியாது, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். குட்டைக்குக் குறுக்கே கட்டியிருக்கிற கேசட் நாடா காற்றில் விம்முகிறது. பறவை பயப்படும் என்று கட்டினது, பறவைக்கு அது பழகிப்போய் மூன்று வருஷமாகிறது, பயப்படுகிறவள் தையல்நாயகி ஒருத்திதான். கண்ணை மூடினால் இமைக்குள்ளும் வெள்ளையாய் எதுவோ பறக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் இந்த இடத்தில் குட்டை ஏது, கரை ஏது. கண்ணுக்கெட்டிய வரை உப்புச் சேறு. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்து, "இதான் நம்ம நெலம்" என்று குணசீலன் கையை நீட்டிக் காட்டினான், அவள் கண்ணில் பட்டது நிலம் இல்லை, தூரத்தில் ரோஸ் நிறத்தில் நீளமாக ஒரு கோடு. யாரோ சேலை உலர்த்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள், இம்மாம் பெரிய சேலையை யார் கட்டுவார்கள் என்றும் நினைத்தாள், நினைத்துக்கொண்டிருக்கும்போதே சேலை நடந்தது. "பூநாரைடி" என்று அவன் சிரித்த சிரிப்பில் பைக்கே ஆடியது. "என்னா, எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டான். அந்தச் சிரிப்புக்காரன் எப்போது கணக்குக்காரன் ஆனான் என்று யோசித்தால் அதற்கு ஒரு தேதி கிடையாது. ஜே.சி.பி. வந்தது, மண்ணை வாரிக் கரை போட்டது, பூநாரைகள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தன, மறுவருஷம் இன்னும் தள்ளி நின்றன, அதற்கு மறுவருஷம் எங்கே நின்றன என்று பார்க்க இவளுக்கு நேரமில்லை. போனது போக மிச்சமிருந்த கொக்கும் நீர்க்காகமும் குட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டன. திரும்பாமல் என்ன செய்யும், அதுகள் சோற்றுத் தட்டின் மேலேதானே கரையைப் போட்டோம். இந்த வெள்ளைக் கடற்காகங்களைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. குளிர் தேசத்திலிருந்து வருகின்றன என்று மகள் யாழினி பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள், இமயமலையையெல்லாம் தாண்டி வருமாம்மா என்றாள். அத்தனை மலையைத் தாண்டி வந்து என் குட்டையைத்தான் காட்டிக்கொடுக்க வேண்டுமா என்று இவள் வானத்தைப் பார்த்துக் கேட்கிறாள். வானத்தில் அவை வட்டமடித்துக்கொண்டிருக்கின்றன, அவசரமில்லாமல், பந்தி எப்போது போடுவார்கள் என்று தெரிந்தவர்கள் வாசலில் நிற்பார்களே அந்த நிதானத்தில்.

நோயை முதலில் கண்டுபிடித்தது நொண்டிக் கொக்குதான். பறவையைத் தடுக்கக் குட்டைக்கு மேல் கட்டியிருந்த தங்கூசி நரம்பில் மாட்டி ஒரு பாதம் போன கொக்கு அது, அந்தத் தங்கூசியைக் கட்டினது குணசீலன், பிடித்துக்கொண்டு நின்றது இவள். மற்றக் கொக்குகள் விரட்டினால் பறக்கும், அது பறக்காது, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நாலடி நகர்ந்து நின்றுகொள்ளும், ஏதோ இவள் கொடுக்க வேண்டியது பாக்கியிருக்கிறது என்கிற மாதிரி. முந்தாநாள் காலை அது கிழக்கு மூலையில் அசையாமல் நின்றிருந்தது. என்னடா இது, வழக்கமாகத் தீனி போடுகிற மேடைக்குக் கிட்டேதானே நிற்கும் என்று போய்ப் பார்த்தாள். முழங்கால் ஆழத்தில் ஓர் இறால் கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கையில் எடுத்தால் துள்ள வேண்டும், அது உள்ளங்கையில் படுத்துக்கொண்டது. தலையோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது சுண்ணாம்புத் துளி மாதிரி புள்ளிகள். அவளுக்கு அந்த நேரத்தில் அழுகை வரவில்லை, கோபம் வந்தது, அதுவும் கொக்கின் மேல். நீ போய் அங்கே நிற்காவிட்டால் இன்னும் ஒரு நாளாவது நிம்மதியாக இருந்திருப்பேனே என்று. கொக்கு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கையிலிருந்த இறாலைப் பார்த்தது. பறவைகளின் கண்ணில் ஒன்றும் இருக்காது என்கிறார்கள், அப்படிச் சொல்கிறவர்கள் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஒருதரம் ஒரு நீர்க்காகம் வலையில் சுற்றிக்கொண்டது, அறுத்துவிடப் போனபோது அதன் கண்ணை ஒரு சாண் தூரத்தில் பார்த்தாள், பச்சை, அப்படி ஒரு பச்சையை நகைக் கடையில்கூடப் பார்த்ததில்லை. அறுத்துவிட்ட கையையே கொத்திவிட்டுப் பறந்தது. கட்டைவிரல் அடியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. "நன்றி கெட்டது" என்றான் குணசீலன். நன்றி எதற்கு, வலையைப் போட்டதும் நாம்தானே என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்தால் அதுவே ஒரு குட்டை நிறையும். இந்தா, வடக்குக் கரையில் இரண்டு உட்கார்ந்துவிட்டன. டின். டின். டின். எழுந்து போய்விட்டன, எங்கே போய்விட்டன, கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு காத்திருக்கின்றன.

"தையலு... ஏ தையலு..." என்று காலையில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து வேதவல்லியின் குரல் வந்தபோது தட்டப்போன குச்சியைக் கீழே வைத்தாள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் கொக்கை நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைப்பு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து முட்டுகிறது. வேதாக்கா என்றுதான் இவள் கூப்பிடுவது. புருஷன் குவைத்தில், பெரிய பையன் கோயம்புத்தூரில், தனி ஆளாக நின்று குட்டை வளர்க்கிறவள். போன வாரம்தான் குஞ்சு விட்டிருக்கிறாள், மயிர்க்கால் அளவு குஞ்சுகள், அதற்காகக் குட்டை முழுக்க மேலே புது வலை போட்டிருக்கிறாள், பச்சை வலை, கல்யாணப் பந்தல் கணக்காய். "என்னாடி விடிஞ்சதுலேருந்து டின்னு சத்தம்?" என்று கேட்டாள். "நாயிக்கா. கரைய நோண்டுது" என்றாள் இவள். "நாயா? அது மண்டையில ஒண்ணு போடு. டின்னத் தட்டுனா கச்சேரின்னு நெனச்சிக் குந்திக்கும்." சிரித்தாள். இவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பு வாயில் எப்படி வந்தது என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதற்கப்புறம்தான் வேதாக்கா அதைக் கேட்டாள். இந்த வாய்க்காலில் ஒரு முறை உண்டு. யார் சொல்லி வைத்ததோ, எழுதி வைத்ததில்லை, இன்ஜினைப் போட்டுத் தண்ணீர் எடுப்பதற்கு முந்தி வாய்க்கால் ஓரத்துக்காரரை ஒரு குரல் கேட்காமல் யாரும் எடுக்க மாட்டார்கள். "வெயிலு போட்ட போட்டுல உப்பு ஏறிப்போச்சுடி. மத்தியானம் ஏத்தத்துல கொஞ்சம் தண்ணி எடுக்கலாம்னு இருக்கேன். தண்ணி எப்புடி?" கேட்டுவிட்டு வேதாக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் துடைத்து முடிக்கிற நேரம்தான் இவளுக்குக் கிடைத்தது. "நல்லாத்தான்க்கா இருக்கு." அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துபோன பேச்சு. "அப்பச் சரி" என்று வேதாக்கா திரும்பி நடந்தாள்.

நல்லா இல்லை. நேற்று ராத்திரியே குணசீலன் மதகுப் பலகை ஒன்றைத் தூக்கிவிட்டான், இன்றைக்கு வலை இழுக்கத் தோதாகக் குட்டையில் தண்ணீர் இறங்கட்டும் என்று. நோய்த் தண்ணீரை மருந்து போட்டு நாள் கணக்கில் ஆறவைக்காமல் வெளியே விடக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா, அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறவன். தூக்கும்போது இவள்தான் டார்ச் பிடித்தாள். தண்ணீர் கறுப்பாய், ஓசையில்லாமல், படுக்கையைவிட்டு எழுந்து போகிற ஆள் மாதிரி வாய்க்காலுக்குள் போனது. அந்த வாய்க்கால் ஒரு முட்டுச்சந்து. கடல் ஏற்றத்தில் உப்பனாற்றிலிருந்து ஏறுகிற தண்ணீர் இவர்கள் குட்டையைத் தாண்டி வேதாக்கா குட்டை வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு இறங்கும். ஆக ராத்திரி விட்டது இறங்கி எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை, இங்கேதான் எங்கேயோ கிடக்கிறது, மத்தியானம் ஏற்றம் வந்தால் அதை அப்படியே தள்ளிக்கொண்டு போய் வேதாக்காவின் இன்ஜின் குழாய் வாயில் கொடுத்துவிடும். "அதுக்குள்ள ஆத்துத் தண்ணியோட கலந்து செத்துப்போயிடும், ஒண்ணும் ஆவாது" என்றான் குணசீலன். ஆகாதுதான், ஆகலாம், ஆகாது, எத்தனையோ தரம் ஆகாமல் இருந்திருக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு முந்தி வேதாக்கா குட்டையில் நோய் விழுந்தபோது இவர்கள் குட்டையில் குஞ்சு விட்டிருந்தது. குணசீலன் இன்ஜினுக்கு டீசல் ஊற்றிவிட்டு வாய்க்கால் பக்கம் போய் இதே கேள்வியைக் கேட்டான். வேதாக்கா வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் போதும். அவள் முழங்காலளவு சேற்றில் இறங்கி நின்று, "எடுக்காத தம்பி. ஏங்குட்ட போயிடுச்சு. எறங்குதண்ணியில ஒம்பக்கந்தான் வரும், பத்து நாளு எடுக்காத" என்று கத்தினாள். பக்கத்துக் குட்டை ஆட்கள் இருக்கிறார்களே, வியாபாரி காதுக்குப் போகுமே என்று பார்க்கவில்லை. சாயங்காலமே விஷயம் பரவி, பாதி விலைக்குக்கூட ஆள் வராமல், அவள் இறாலெல்லாம் பிளீச்சிங் பவுடரோடு குழிக்குள் போனது. இவர்கள் குட்டை அந்த வருஷம் பிழைத்தது. அதில்தான் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். "வேதாக்கா வெவரம் பத்தாத பொம்பள, ரெண்டு நாளு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா காசாக்கியிருக்கலாம்" என்று அந்தத் தளத்தின் கீழ் படுத்துக்கொண்டுதான் குணசீலன் சொன்னான். இவள் ம் கொட்டினாள். எதற்கெடுத்தாலும் ம் கொட்டுகிற இந்தத் தொண்டையைக் கழற்றிக் கழுவ முடிந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு இறாலும் இருக்கிறது, நினைப்பில் முள்ளாய் மாட்டிக்கொண்டு. வேதாக்கா போன கொஞ்ச நேரத்தில் ஓர் அண்டங்காக்காய் ஓரத்தில் ஒதுங்கின இறாலைக் கொத்தித் தூக்கியது. அது பாட்டுக்கு அங்கேயே வைத்துத் தின்றிருக்கும், இவள் ஆவேசமாக டின்னைத் தட்டினாள். காக்காய் அலறிக்கொண்டு வாய்க்காலுக்கு மேலே பறந்தது, இவள் இன்னும் தட்டினாள், அது வாயைத் திறந்தது, இறால் விழுந்தது. எங்கே விழுந்தது? வேதாக்காவின் கரையிலா, வலையின் மேலா, வலைக் கண் வழியாகத் தண்ணீரிலா? கரையில் விழுந்தால் பாதகமில்லை, வெயிலில் காய்ந்துபோகும். வலையின் மேல் விழுந்தாலும் காயும். வலைக்கண் எவ்வளவு பெரிது, இறால் எவ்வளவு பெரிது, குறுக்கே விழுந்தால் நிற்கும், நெடுக விழுந்தால்? அவள் மனசு அந்த இறாலைக் காலையிலிருந்து எத்தனை தரம் விழ வைத்துப் பார்த்துவிட்டது. ஒருதரம் கரையில், ஒருதரம் வலையில், ஒருதரம் மெதுவாய்ப் புரண்டு புரண்டு விழுந்துகொண்டே இருக்கிறது, கீழே வந்து சேருவதே இல்லை. விரட்டாமல் விட்டிருந்தால் காக்காய் அங்கே போயிருக்காது. தின்றுகொண்டிருக்கிற வாயை விரட்டினால்தான் எச்சில் ஊரெல்லாம் சிதறும். அப்படியானால் காலையிலிருந்து இவள் செய்துகொண்டிருப்பது என்ன, காவலா, விதைப்பா? டின்னைத் தட்டுகிற கை சற்று நின்றது. உடனே தெற்குக் கரையில் நாலைந்து வெள்ளை இறங்கியது. தட்டினாள்.

வாய்க்காலில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. ஏறுகிற தண்ணீருக்குச் சத்தம் கிடையாது, நுரையும் காய்ந்த சருகும் உள்பக்கமாக நகர்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தேங்காய் மட்டை வேதாக்கா குட்டைப் பக்கம் பொறுப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்தவளுக்குக் கண் சொருகியது, சொருகினதா திறந்திருந்ததா, வெயிலும் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகிவிட்ட மத்தியானத்தில் அதைச் சொல்ல முடியாது. குட்டையில் தண்ணீரே இல்லை, முழுக்க இறகு. அவள் இறகுக்குள் இடுப்பளவு இறங்கி எதையோ துழாவுகிறாள். கரையெல்லாம் பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, துக்க வீட்டில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்களே அப்படி, ஒன்றும் பேசாமல். பூநாரைகள்கூட வந்திருக்கின்றன, அதுகளை யார் கூப்பிட்டது. யாழினி சீருடையோடு அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். "இங்க ஏண்டி குந்தியிருக்க, எந்திரி, ஒண்ணும் உட்காரக் கூடாது" என்று இவள் சொல்ல, "நான் பறவை இல்லம்மா" என்கிறாள் பிள்ளை, தலையைத் தூக்காமலே. இறகைத் துழாவுகிற கையில் ஏதோ தட்டுப்படுகிறது, மெத்தென்று, உயிரோடு, மயிர்க்கால் அளவு, ஆயிரம், லட்சம், விரலிடுக்கு வழியாக வழிகின்றன, அத்தனைக்கும் கறுப்பாய் ரெண்டு ரெண்டு கண். படபடவென்று ஏதோ வெடித்த மாதிரி சத்தம். விழித்துக்கொண்டாள்.

இன்ஜின். வேதாக்கா இன்ஜினைப் போட்டுவிட்டாள். வாய்க்கால் அந்தப் பக்கக் குழாய் ஒருதரம் இருமிவிட்டுக் கறுப்புத் தண்ணீரை வேதாக்காவின் குட்டைக்குள் கொட்டுகிறது. தையல்நாயகி எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள், அதுதான் அவள் செய்த பாவம் என்று கதை சொல்கிற எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அப்படி நிற்காதவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்றும் தோன்றுகிறது. காலை எடுத்து வைக்கலாம் என்றால் தளம் போட்ட வீடு ஒரு காலில், யாழினி ஒரு காலில். குணசீலனின் முகம் வேறு, கோபமாய் இருந்தால் எதிர்த்துக்கொள்ளலாம், முந்தாநாள் ராத்திரி அது கோபமாய் இல்லை, இறாலைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்தான். அவனுக்காகத்தானே. ஆனால் வேதாக்கா முழங்காலளவு சேற்றில் நின்றது யாருக்காக? அவளுக்கு நாங்கள் யார்? குழாய்த் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டு விழுகிறது, அது ஒவ்வொரு நொடியும் விழுகிறது என்பதுதான் தாங்க முடியாததாய் இருந்தது, காக்காய் போட்ட இறால் மாதிரி நினைப்பில் தொங்கிக்கொண்டிருக்காமல் நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தது. "அக்கா" என்றாள். வெறும் காற்று வந்தது. "வேதாக்கா... நிறுத்துக்கா... எடுக்காதக்கா..." இப்போது தொண்டை திறந்துவிட்டது, ஆனால் அந்த டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காது. வேதாக்கா இன்ஜினைப் போட்டுவிட்டுத் தன் குட்டையின் மறுகோடியில் இருக்கிற கொட்டகைக்குப் போய்விட்டாள், புள்ளியாய்த் தெரிகிறாள், முதுகு இந்தப் பக்கம். போன் செய்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, இன்ஜின் மேடையில் மடித்து வைத்திருந்த துண்டுக்குப் பக்கத்தில் அவள் போனும் இருக்கும். வாய்க்காலில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது, இவளுக்கு நீந்தத் தெரியாது. பாலம் ஆற்று முனையில். ஓடிப் போய்ச் சுற்றி வருவதற்குள் குட்டை நிறைந்துவிடும். டின்னைத் தட்டினாள், அது இன்ஜின் சத்தத்தில் எங்கேயோ போனது. வானத்தில் கடற்காகங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

டின்னை வீசி எறிந்தாள். கிழக்கு மூலைக்கு ஓடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, இறால் தீனி தின்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் வலைத்தட்டை எடுத்துக் கரையோரமாய் வாரினாள். ஒரு வாரலுக்கே தட்டு நிறைய வந்தது, அத்தனை ஒதுங்கியிருந்தது, அவளுக்கே அது தெரியாது. கரைமேல் கொட்டினாள். மறுபடியும் வாரினாள், கொட்டினாள். "வாங்க. வந்து தின்னுங்க. வாங்க" என்று மூச்சிரைக்கச் சொன்னாள், யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்ற வெட்கமெல்லாம் போய்விட்டது. முதலில் நொண்டிக் கொக்கு தத்திக்கொண்டு வந்தது. அதற்குப் பயமே கிடையாது. பின்னாலேயே நாலு, பின்னால் ஒரு கூட்டம், கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்ததெல்லாம், வாய்க்கால் புதரில் இருந்ததெல்லாம், நீர்க்காகங்கள் நேரே தண்ணீரில் வந்து விழுந்தன, காக்காய்கள் ஊரைக் கூட்டின, கடைசியில் கடற்காகங்கள் வட்டத்தை உடைத்துக்கொண்டு சாய்ந்தன, ஒரு வெள்ளைத் தூணாய், கத்திக்கொண்டு, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து. ஆற்றங்கரையில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். வேதாக்காவின் பச்சை வலை மேல் நிழல்கள் ஓடின, அந்த நிழல்கள்தான் அவளை எழுப்பியிருக்க வேண்டும். கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள், நெற்றியில் கை வைத்து மேலே பார்த்தாள், பிறகு இந்தக் கரையைப் பார்த்தாள். குட்டை வளர்க்கிற ஒருத்திக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. அவள் வயசுக்கு அப்படி ஓடி இவள் பார்த்ததில்லை. இன்ஜின் நின்றது.

நின்ற பிறகு ஏரேட்டர் சத்தம் திரும்பி வந்தது. சிறகுச் சத்தமும் அலகுச் சத்தமும் அதோடு கலந்து கேட்டது. வேதாக்கா குழாயைக் குட்டையிலிருந்து இழுத்துக் கரைமேல் போட்டுவிட்டு, குழாய் வாயிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு உள்ளே போனது, போனதில் இருந்ததா இல்லையா, பத்து நாள் கழித்துத்தான் தெரியும். அந்தப் பத்து நாளும் தன்னுடையது என்று தையல்நாயகிக்குத் தெரிந்தது. வேதாக்கா வாய்க்கால் ஓரம் வந்தாள். சாபம் விடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று இவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்போலேருந்துடி?" என்று மட்டும் கேட்டாள், களைத்த குரலில். "முந்தாநாளுலேருந்துக்கா." வேதாக்கா அவள் சேலையில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள். "காலையில கேட்டனே" என்றாள். வேதாக்கா திரும்பித் தன் குட்டைக்குப் போய், வலையின் விளிம்பைத் தூக்கி, குனிந்து தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

இடுப்பில் போன் அதிர்ந்தது. கை ஈரம், சேறு. குணசீலன். வண்டிச் சத்தம் கேட்டது, கூடவே ஒருத்தர் பேசுகிற சத்தமும், வியாபாரிதான். "வந்துகிட்டே இருக்கோம், ஆத்துப் பாலத்துக்கிட்ட வந்தாச்சு" என்றான், அடுத்தவர் கேட்கிறாரே என்று வரவழைத்துக்கொண்ட உற்சாகத்தோடு. பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணும் உட்காரலியே?" அவள் காலடியில், கால் விரலைத் தொடுகிற தூரத்தில், கொக்குகள் தின்றுகொண்டிருந்தன. ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. இனிமேல் அவளுக்குப் பயப்பட அவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை. அவன் முகம், உதட்டைக் கடித்த முகம், கண்முன்னால் வந்தது. அவளுக்கு அவன் மேல் அந்த நேரத்தில் கோபம் இல்லை, பாவமாக இருந்தது, தன் மேலும் பாவமாக இருந்தது.

"உட்கார்ந்திருச்சுங்க" என்றாள். "எல்லாமே உட்கார்ந்திருச்சு. நாந்தான் கூப்புட்டேன்."